பினாங்கு: நடந்து, உண்டு, மலையேறிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு, மலேசியத் தீவான பினாங்கு பெரும்பாலும் ஒரு நாள் ஊராகிவிட்டது. காலையில் கோலாலம்பூரிலிருந்து பஸ் வருகிறது. கெக் லோக் சி கோயில், கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில், பத்து பெரிங்கி கடற்கரை, இரவில் ஓர் இந்திய உணவகத்தில் சப்பாத்தி, மறுநாள் விடிந்ததும் புறப்பாடு. இப்படிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழர்கள் குடியிருந்து, வணிகம் செய்து, கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பிய ஊர் இது. இங்கே உள்ள தெருக்களில் தமிழில் வழி கேட்கலாம், தமிழில் பேரம் பேசலாம், தமிழில் சாப்பாடு கேட்டு வாங்கலாம்.

இந்த ஊரை நடந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். கூச்சப்படாமல் வாய் திறந்து பேச வேண்டும். குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள். நான்காவது நாள் கிடைத்தால் அதற்கும் ஒரு நல்ல வேலை வைத்திருக்கிறேன்.

எப்போது வருவது, எப்படி வருவது

பினாங்கில் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். ஜனவரி, பிப்ரவரி ஓரளவு உலர்ந்த மாதங்கள். அந்த நேரத்தில்தான் தைப்பூசமும் பெரும்பாலும் சீனப் புத்தாண்டும் வருகின்றன. முடிந்தால் அப்போதே வாருங்கள். ஆனால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். பழப் பிரியர்கள் மே முதல் ஆகஸ்ட் வரை வரலாம், அது டுரியான் காலம். எந்த மாதமானாலும் பிற்பகலில் ஒரு மழை கொட்டலாம் என்று எண்ணித் திட்டமிடுங்கள். காலை நடைக்கு, நண்பகல் கூரைக்கு, மாலை மறுபடியும் தெருவுக்கு. இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டால் மழை உங்களைக் கெடுக்காது.

2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோவின் நேரடி விமானச் சேவை வந்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம். இது காலவரையறை உள்ள சலுகை. டிக்கெட் எடுக்கும் முன் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாறாதீர்கள்.

கோலாலம்பூர் வழியாக வருகிறவர்களுக்கு என் பரிந்துரை ரயில்தான். கே.எல். சென்ட்ரலில் ஏறினால் மின்சார ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த்தில் விடும். நிலையத்துக்கு அருகிலேயே படகுத்துறை. அங்கிருந்து ஃபெரியில் நீரிணையைக் கடந்து தீவுக்கு வாருங்கள். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பாலமும், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர்ப் பாலமும் இருக்கும்போது படகு எதற்கு என்று கேட்கலாம். இந்த ஊருக்கு வந்த நம் முன்னோர் எல்லாரும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். முன்னால் துறைமுகக் கட்டடங்கள், அவற்றின் பின்னால் ஓட்டுக் கூரைகள், அதற்கும் பின்னால் பச்சை மலை என்று ஊர் தன்னை வரிசையாகக் காட்டுவது கடலிலிருந்து பார்க்கும்போதுதான். கட்டணமும் மிகக் குறைவு.

எங்கே தங்குவது

தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் தங்குங்கள். கடற்கரை விடுதி வேண்டும் என்று பத்து பெரிங்கியில் அறை எடுக்கிறவர்கள் ஊருக்கும் விடுதிக்கும் அலைந்தே நாளைக் கழிக்கிறார்கள். அந்தக் கடலும் நீந்துவதற்குப் பெயர் போனதல்ல. லெபு சூலியா, லெபு பாசார், லெபு ஆர்மேனியன் தெருக்களைச் சுற்றி எல்லாவகைச் செலவுக்கும் அறைகள் கிடைக்கின்றன. பழைய கடைவீடுகளைச் சீர்செய்து நடத்தும் விடுதிகளில், நடுவே வானம் பார்க்கும் முற்றம் இருக்கும். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

தெருப் பலகைகளைப் படிக்க மூன்று சொற்கள் போதும்: 'ஜாலான்' சாலை, 'லெபு' தெரு, 'லோரோங்' சந்து. ஊர்க்காரர்கள் இன்னமும் பழைய ஆங்கிலப் பெயர்களையே சொல்வார்கள். லெபு பாசாரை மார்க்கெட் ஸ்திரீட் என்பார்கள்; இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தூரம் போக ரேபிட் பினாங்கு பஸ்கள் உண்டு. தெலுக் பாஹாங் பக்கம் 101, கொடிமலைக்கு 204, பாலிக் புலாவுக்கு 401. ஊருக்குள் சுற்றிவரும் இலவசப் பஸ்ஸும் இருக்கிறது. சில்லறையாகக் கொடுங்கள், பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள்.

முதல் நாள் காலை: தெருக்களோடு ஒரு நடை

ஏழரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் உங்களை நடக்க விடாது.

கடலோரம் உள்ள கோர்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்கலாம். 1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவை எடுத்துக்கொண்டு கொடியேற்றிய இடம். கோட்டைக்குள் கால் மணி நேரத்துக்கு மேல் செலவிடத் தேவையில்லை. அங்கிருந்து மேற்கே நடந்தால் 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம். தென்கிழக்காசியாவில் ஆங்கிலிகன் வழிபாட்டுக்கென்றே எழுப்பிய மிகப் பழைய கட்டடம் இது. வெள்ளைத் தூண்கள், சுற்றிலும் புல்வெளி. இங்கிருந்து தொடங்கும் சாலையின் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்.

இந்த ஒரு சாலைதான் பினாங்கின் சாரம். தேவாலயத்திலிருந்து சில நிமிட நடையில் குவான் யின் கோயில், சீனர்களின் கருணைத் தேவிக்கு உரியது. எந்த நேரமும் ஊதுபத்திப் புகை மண்டிக் கிடக்கும். ஆள் உயரத்துக்கு உருட்டிச் செய்த பத்திகளை விழா நாள்களில் முற்றத்தில் நட்டுக் கொளுத்துவார்கள். பக்தர்கள் கும்பிடும்போது குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள். ஓரமாக நின்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

அடுத்த தெருவான லெபு குவீனில் அருள்மிகு மகாமாரியம்மன் கோயில். 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், படகோட்டியவர்கள், சிறு கடை வைத்தவர்கள் கும்பிட்ட அம்மன் இவள். கோபுரம் பெரிதில்லை, ஆனால் காலை வெயில் அதன் மேல் விழும் நேரத்தில் எதிர்த்த நடைபாதையில் நின்று பாருங்கள். வண்ணச் சுதைகளுக்குப் பின்னால் சீன ஓட்டு வீடுகளும், அவற்றுக்கு மேல் பள்ளிவாசலின் கோபுரமும் ஒரே பார்வையில் தெரியும் இடங்கள் இங்கே உண்டு.

லெபு சூலியாவில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழ மண்டலக் கடற்கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. அடக்கத்தலம் நாகூரில்; இது நினைவிடம் மட்டும். கட்டடம் சிறியது, சுவரோரம் கடைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், வேகமாக நடப்பவர்கள் கவனிக்காமல் போய்விடுவார்கள். நீங்கள் நின்று பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன் வேண்டிக்கொண்டவர்கள் கரை இறங்கியதும் நன்றி சொல்ல வைத்துக்கொண்ட இடமாகத்தான் எனக்கு அது எப்போதும் தோன்றும்.

பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த வணிகர் காதர் முகைதீன் பெயரோடு சேர்ந்தது. அவர் வகித்த பதவியின் பெயர்தான் பள்ளிவாசலுக்கும் சாலைக்கும் நிலைத்திருக்கிறது. கருமையான குவிமாடங்கள், வெள்ளை மஞ்சள் சுவர்கள், உள்ளே குளிர்ந்த பளிங்குத் தரை. தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளில் பிற மதத்தவரும் போகலாம். தோளும் காலும் மறையும் உடை வேண்டும், இல்லாதவர்களுக்கு வாசலிலேயே அங்கி தருவார்கள்.

தேவாலயம், சீனக் கோயில், அம்மன் கோயில், தர்கா, பள்ளிவாசல் என்று இந்த ஐந்தையும் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோது போற்றியது இந்தப் பன்மையைத்தான். அறிவிப்பு பிற்பாடு வந்தது. ஒருவர் வாசலை ஒருவர் மறிக்காமல் வாழும் பழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே இருக்கிறது.

இதற்குள் பசி எடுத்திருக்கும். லெபு பாசாரும் லெபு பினாங்கும் சேரும் பகுதியில்தான் லிட்டில் இந்தியா. 'பசியாறிவிட்டீர்களா?' என்றுதான் இங்கே காலையில் கேட்பார்கள். பூக்கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார்கள், துணிக்கடையிலிருந்து பாட்டு தெரு வரை கேட்கும். நகரத்தார் தங்கள் தொழிலை நடத்திய கிட்டங்கிகள் இந்த லெபு பினாங்கில்தான் இருந்தன. நீண்ட கூடம், சுவரோரம் வரிசையாகச் சாய்வு மேசைகள், ஒவ்வொரு மேசையும் ஒரு தனி நிறுவனம் என்று அவை இயங்கின. பர்மா வரை நீண்ட கொடுக்கல் வாங்கல் வலையில் இந்தத் தெருவும் ஒரு முடிச்சு.

அடுத்து லெபு ஆர்மேனியன். 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகரேவிச் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளின் சுவரோவியம் இங்கே இருக்கிறது. குழந்தைகள் சாயத்தில், சைக்கிள் நிஜத்தில். அந்த ஓவியத்துக்கு முன் எட்டு மணிக்குப் பின் வரிசை நிற்கத் தொடங்கிவிடும். படத்துக்காக அரை மணி நேரம் நிற்பது வீண். அதே தெருவில் 120ஆம் எண் வீட்டில்தான் 1910இல் சுன் யாட் சென் சீனப் புரட்சிக்கான திட்டம் தீட்டினார். பக்கத்திலேயே கூ கோங்சி, கூ குலத்தார் கட்டிய குலக்கோயில். முந்தைய கட்டடம் 1901இல் எரிந்துபோக, 1906இல் இப்போதுள்ளது எழுந்தது. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போங்கள், கூரையில் இருக்கும் மரச் செதுக்கலும் பீங்கான் ஒட்டு வேலையும் கழுத்து வலிக்கும் வரை பார்க்கத் தகுந்தவை.

நடையை முடிக்க வேண்டிய இடம் சீனர்களின் குலப் படகுத்துறைகள். கடலுக்குள் மரக்கால் நட்டு, அதன்மேல் பலகை பாவி, இரு பக்கமும் வீடுகள். ஏறக்குறைய ஒவ்வொரு துறையும் ஒரே குலப்பெயர் கொண்டவர்களுக்கு உரியது. பெரியது சியூ துறை. அங்கே இப்போது நினைவுப்பொருள் கடைகள் மிகுந்துவிட்டன. நான் அனுப்புவது டான் துறைக்கு. ஒல்லியான பலகைப் பாதை கடலுக்குள் நீளும். விடியற்காலையில் போனால் எதிர்க்கரைக்கு மேல் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். இவை மக்கள் வாழும் வீடுகள். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், சாயங்காலத்துக்குப் பின் சத்தம் போடாதீர்கள். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவில் இங்கிருந்தால் சியூ துறையை விட்டு நகராதீர்கள். வானுலகப் பேரரசருக்கான பூசை அன்று நடக்கும். முழுக் கரும்புகளைக் கட்டி நிறுத்திய நீண்ட மேசைகளில் படையல். தங்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் தப்பினார்கள் என்பது ஹொக்கியன் சீனர்கள் சொல்லும் கதை, கரும்பு அதனால்தான்.

சாப்பாடு: எதை, எப்படி, எவ்வளவு

ஒரே கடையில் வயிறு நிறையச் சாப்பிடுவது பினாங்கில் செய்யக்கூடாத காரியம். இங்கே ஒரு அங்காடிக்காரர் ஒரு பண்டத்தைத்தான் செய்வார். அதையே வாழ்நாளெல்லாம் செய்வார். இரண்டு பேர் ஒரு தட்டைப் பகிர்ந்து, அடுத்த கடைக்குப் போங்கள்.

நாசி கண்டார் முதலில். தென்காசி, கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு போட்டு, ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் குழம்புகளுமாகத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றது. இன்று மலேசியா முழுவதும் கடைகள் இருந்தாலும் பிறந்த இடம் இந்த ஊர். லெபு கேம்பலில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா, பினாங்கு ரோட்டில் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர் என்று பெயர் பெற்ற கடைகளுக்கு முன் எப்போதும் வரிசை நிற்கும்.

வாங்கும் முறையைச் சொல்கிறேன், புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். வரிசையில் நகர்ந்து பரிமாறும் அண்ணனுக்கு முன் வந்ததும், அவர் தட்டில் சோற்றைக் கொட்டிக் கரண்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டுவார். முதலில் பெரிய உருப்படியைச் சொல்லுங்கள்: பொரித்த கோழி, மீன் தலை, கணவாய், மீன் முட்டை. அடுத்து காய்: வேகவைத்த வெண்டைக்காய், முட்டைக்கோஸ், பாகற்காய். கடைசியில் குழம்பு. அவர் கை அப்போது பார்க்க வேண்டிய ஒன்று. மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழியில் ஒரு கரண்டி, கறுத்த சோயாக் குழம்பில் அரைக் கரண்டி, தாளிப்பு மிதக்கும் பருப்பில் ஒரு கரண்டி என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றிக்கொண்டே போவார். சோறு மூழ்கும் அளவுக்கு வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள். அந்தக் கலவைதான் நாசி கண்டார். குழம்புகளைத் தனித்தனியாகக் கிண்ணத்தில் கேட்டால் அந்த ருசி வராது.

இரண்டு எச்சரிக்கைகள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 'அண்ணே, மாட்டுக்கறிக் குழம்பு சேர்க்காதீங்க' என்று கரண்டி எடுக்கும் முன்பே தமிழில் சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்காமல் விட்டுவிடுவார்கள். பெரிய இறால், கணவாய், மீன் முட்டை எடுக்கும் முன் விலையைக் கேளுங்கள். விலைப்பட்டியல் இல்லாத கடைகளில் தட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம் இதோடு நிற்பதில்லை. பசெம்போர் என்று ஒன்று: வெள்ளரி, பொரித்த இறால் வடை, டோஃபு, உருளைக்கிழங்கு, முட்டை எல்லாவற்றையும் நறுக்கி, இனிப்பும் காரமும் கலந்த கெட்டிக் குழம்பைச் சூடாக ஊற்றித் தருவார்கள். கடலோர பாடாங் கோத்தா பக்கம் மாலையில் கிடைக்கும். காலையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், கூடவே தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர். இனிப்பு தூக்கலாக இருக்கும். 'குராங் மானிஸ்' என்றால் சர்க்கரையைக் குறைப்பார்கள். மாலையில் இடியாப்பம் விற்கிறவர்களைக் கண்டால் விடாதீர்கள். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து மலாய்க்காரரும் சீனரும் வாங்கிச் சாப்பிடுவது நம் வீட்டு இடியாப்பத்தைத்தான்.

சீனர் கடைகளில் முதலிடம் சார் குவே தியாவுக்கு. தட்டையான அரிசி நூடல்ஸ், இறால், சிப்பி, முளைப்பயறு, முட்டை. இரும்புச் சட்டியில் கொழுந்துவிட்டு எரியும் தீயில், ஒரு தடவைக்கு ஒரு தட்டு, அதிகம் போனால் இரண்டு. அந்தச் சட்டி வாசனைக்காகத்தான் மக்கள் நிற்கிறார்கள். பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். வேண்டாதவர்கள் ஹலால் கடைகளில் சாப்பிடலாம்.

அசாம் லக்சா நமக்கு உடனே பிடித்துப்போகும், ஏனென்றால் அடிப்படையில் அது ஒரு புளிக் குழம்பு. கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்து, புளியும் மிளகாயும் இஞ்சிப்பூவும் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். வழவழப்பான அரிசி நூடல்ஸின் மேல் அதை ஊற்றி வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா தூவி, கடைசியில் கறுப்பான இறால் விழுது ஒரு கரண்டி. கலக்காமல் முதலில் குழம்பை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பிறகு விழுதைக் கரையுங்கள். ஆயர் ஈத்தாம் சந்தையைச் சுற்றிய பகுதி லக்சாவுக்குப் பேர்போனது.

வெயிலுக்குச் செண்டோல். பினாங்கு ரோட்டை ஒட்டிய லெபு கெங் குவீ சந்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். தேங்காய்ப்பால், சீவிய ஐஸ், பனைவெல்லப் பாகு, பச்சை நிற மாவுத் துண்டுகள், சிவப்பு பீன்ஸ். ஜாதிக்காய்ச் சாறும் இந்தத் தீவின் சொத்து. கம்பெனிக் காலத்தில் இங்கே நட்ட ஜாதிக்காய்த் தோட்டங்களின் மிச்சம் அது.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு உண்டு. பௌத்தச் சீனர்கள் நடத்தும் சைவக் கடைகளும் ஊரெங்கும் இருக்கின்றன. சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பல சீனர்கள் சைவமாக இருப்பதால் அந்தக் கடைகளில் அன்று வகைகள் கூடும். பூண்டு, வெங்காயம்கூடப் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள். அங்காடி மையங்களில் மட்டும் கவனம் தேவை: காய் மட்டும் போட்ட நூடல்ஸ் என்று தோன்றுவதிலும் இறால் விழுது இருக்கும்.

இரண்டாம் நாள்: இரண்டு மலைகள்

கொடிமலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. இப்போதுள்ள பெட்டிகள் 2011இல் வந்தவை, சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்விடும். மலையின் உச்சி 833 மீட்டர். காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். பத்து மணிக்கு வந்தால் வரிசையிலேயே வேர்த்துப்போகும், பிற்பகலில் வந்தால் மேகம் மூடிவிடும்.

மேலே போனதும் எல்லாரும் கீழே ஊரையும் பாலங்களையும் பார்ப்பார்கள். நீங்கள் வடக்கே திரும்பிப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால், சமவெளியில் தனியாக நிமிர்ந்து நிற்கும் ஒரு நீல மலை தெரியும். அது குனோங் ஜெராய், 1,217 மீட்டர். அதன் அடிவாரம்தான் கடாரம். சுமார் 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை போன இடம். பழங்காலக் கப்பலோட்டிகள் வங்கக் கடலைக் கடந்து வரும்போது கரை நெருங்கிவிட்டதைச் சொன்ன அடையாளமும் அந்த மலைதான்.

உச்சியில் முருகன் கோயில் ஒன்று, அதை ஒட்டியே ஒரு பள்ளிவாசல். கோயில் சுதைச் சிற்பங்களை நின்று பார்த்துவிட்டுக் காட்டுப் பாதைகளில் நடங்கள். இந்த மலையும் சுற்றுப்புறமும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுப்பு லங்கூர்கள் கிளைகளில் இருக்கும், தீனி கொடுக்காதீர்கள்.

இறங்கும்போது வழியிலேயே ஆயர் ஈத்தாம். கெக் லோக் சி 1890களில் தொடங்கிய பௌத்தக் கோயில். 1930இல் முடித்த அதன் ஏழடுக்குக் கோபுரத்தில் கீழே சீனக் கட்டுமானம், நடுவில் தாய்லாந்துப் பாணி, உச்சியில் பர்மிய முடி. மேலே 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை. சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் இரவு விளக்கேற்றுவார்கள், அப்போதுதான் போக வேண்டும்.

மாலைக்குத் தண்ணீர்மலை. தாவரவியல் பூங்காவுக்குப் போகும் ஜாலான் கெபுன் புங்காவில், குன்றின்மேல் பாலதண்டாயுதபாணி. இப்போதைய மலைக்கோயிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், மழை வெயிலுக்கு அங்கங்கே ஒதுங்க இடம் உண்டு. வெயில் தாழ்ந்தபின் ஏறுங்கள். சாலையின் கீழ்ப்பகுதியில் நகரத்தார் 1857இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில். பர்மாத் தேக்குத் தூண்களும் பளிங்குத் தரையுமாகச் செட்டிநாட்டை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

தைப்பூசத்துக்கு வந்தால் இந்தச் சாலையில்தான் உங்கள் நாள். அதற்கு முந்தைய நாள் விடியற்காலையில் லெபு பினாங்கிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894 முதல் ஓடும் ரதம் அது. 2017 முதல் மலைக்கோயில் முருகனின் வேலைத் தாங்கிய தங்க ரதமும் ஓடுகிறது. ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள். தெருவில் இளநீர் ஆறாக ஓடும், சிதறிய ஓடுகளை வாரி அள்ள வண்டிகள் பின்னாலேயே வரும். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம், காவடி எடுப்பவர்களிலும் உண்டு. கெட்டியான செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், தேங்காய் உடைக்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்களில் சோறும் மோரும் இலவசமாகக் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். கொடுப்பவர்களுக்கு அது நேர்த்திக்கடன்.

மூன்றாம் நாள்: தீவின் மறுபக்கம்

101ஆம் பஸ்ஸில் தெலுக் பாஹாங் கடைசி நிறுத்தம் வரை போங்கள். அங்கே தொடங்குகிறது பினாங்கு தேசியப் பூங்கா, 2003இல் அறிவித்தது, நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. வாசலில் பெயர் பதிந்துவிட்டு பந்தாய் கெராச்சுட் பாதையைப் பிடியுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேர நடை. கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. மழைநீரும் கடல்நீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும் அபூர்வ வகை. வறண்ட மாதங்களில் வற்றிப்போயிருக்கும், அதற்கு வருந்த வேண்டாம், கரையில் ஆமைக் காப்பகம் இருக்கிறது. இந்தக் கடலில் ஜெல்லி மீன் தொல்லை உண்டு, நீந்த வேண்டாம். திரும்பும்போது படகு பிடித்தால் கால் தப்பும். படகுக்காரரிடம் கூலியையும் நேரத்தையும் போகும்போதே பேசிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

நடக்க இயலாதவர்கள் அங்கிருந்து வாடகைக் காரில் மலைச் சாலை வழியாக பாலிக் புலாவ் போகலாம். அணைக்கட்டைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி இறங்கும் அந்தச் சாலையோரம் பழக் கடைகள். இறங்கியதும் வயல், தென்னை, மரத்தூண்களில் நிற்கும் மலாய் வீடுகள். ஜார்ஜ் டவுன் இதே தீவில்தான் இருக்கிறது என்று நம்புவது கடினம்.

டுரியான் காலமானால் தோட்டத்திலேயே சாப்பிடுங்கள். இங்கே பழத்தைப் பறிப்பதில்லை. தானாக விழக் காத்திருப்பார்கள், மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். விழுந்த சில மணி நேரத்துக்குள் உண்பதுதான் ருசி. முதலில் இனிப்பான வகை, பிறகு சிவந்த சுளையுள்ள 'ஆங் ஹே', கடைசியில் கசப்பு கலந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். கசப்பானதை முதலில் தின்றால் மற்றது எதுவும் நாக்கில் ஏறாது. தின்றபின் பழத்தோட்டின் குழியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொல்வார்கள், உடற்சூடு தணியும் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. மீதியை விடுதிக்கு எடுத்துப்போகாதீர்கள். பெரும்பாலான விடுதிகளில் தடை.

நான்காம் நாள் கிடைத்தால்

கொடிமலையிலிருந்து பார்த்த நீல மலைக்குப் போங்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மெர்போக் என்ற சிற்றூர். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். வளாகத்திலேயே புக்கிட் பத்து பாகாட் கோயிலின் கல் அடித்தளத்தைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். ஓடையோரம், மரங்களுக்கு நடுவே, தூண் நட்ட குழிகளோடு கருங்கல் வரிசைகள். அருகில் கோமுகி, சிற்பத் துண்டுகள், வெளிநாட்டு மணிகள், சீனப் பீங்கான். தஞ்சைக் கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இது சிறியதாகத் தோன்றலாம். கடாரம் என்று பாடத்தில் படித்த பெயர் நிற்கும் மண் இதுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பொதுப் போக்குவரத்து வசதி குறைவு. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால் செலவு தாங்கும். காலை எட்டுக்குப் புறப்பட்டு அருங்காட்சியகத்தை முடித்தால், நேரம் இருக்கும்போதே ஜெராய் மலைச் சாலையிலும் ஏறி இறங்கலாம். திரும்பி வருகையில் பட்டர்வொர்த்தில் நிறுத்தி ரயில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். வார இறுதியில் கோலாலம்பூர் வண்டிகள் முந்தைய நாளே நிரம்பிவிடுகின்றன. ஊருக்கு வாங்கிப்போக சௌரஸ்தா சந்தையில் உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்த ஜாதிக்காய், கூடவே பாசிப்பயறு பூரணம் வைத்த தாவ் சார் பியா பிஸ்கட் போதும். சைவர்கள் பிஸ்கட்டை வாங்கும் முன் பன்றிக் கொழுப்பு சேர்க்காத பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வகையும் விற்கிறார்கள்.